புளியங்கொட்டைப் பல்சர்க்கரையும் பாலிவினைல் ஆல்கஹாலும்: உணவுக்காப்பு மென்படலத்தில் நீரின் பங்கு

முன்னுரை

உணவுப்பொருள் கெடுவதற்கு நுண்ணுயிர், ஆக்சிஜன், ஈரம் ஆகியன முதன்மைக் காரணங்கள். உணவுப் பொதிபடலமாகப் பாலித்தீன் நிலைபெற்றுவிட்டது. ஆனால் அது மண்ணில் எளிதில் மக்குவதில்லை. தாவரப் பல்சர்க்கரைகளாலான படலங்கள் மக்கும்; எனினும் உலர்ந்தால் நொறுங்கும். எனவே பல்சர்க்கரையைச் செயற்கைப் பலபடியுடன் கலந்து மென்படலம் வார்க்கும் முறை ஆராயப்படுகிறது. புளியங்கொட்டையின் சைலோகுளுக்கனும் பாலிவினைல் ஆல்கஹாலும் சேர்ந்த படலத்தின் தரத்தை நீர் எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இரு பலபடிகளின் இயல்பு

புளியங்கொட்டைப் பருப்பில் பெரும்பங்கு சைலோகுளுக்கன் ஆகும். செல்லுலோசைப் போலவே இதன் முதுகெலும்பும் பீட்டா-1,4 பிணைப்புடைய குளுக்கோசுச் சங்கிலியே. செல்லுலோசு நீரில் கரைவதில்லை. அதன் சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. சைலோகுளுக்கனில் பெரும்பாலான குளுக்கோசு அலகுகளில் சைலோசுக் கிளைகளும், அவற்றுள் சிலவற்றின் நுனியில் காலக்டோசும் அமைந்து இந்நெருக்கத்தைத் தடுக்கின்றன. அதனால் வெந்நீரில் கரைந்து குழகுழப்பான கரைசலைத் தருகிறது.

பாலிவினைல் ஆல்கஹால் 1924ஆம் ஆண்டு செருமனியில் ஹெர்மன், ஹேனல் ஆகியோரால் உருவாக்கப்பட்டது. வினைல் ஆல்கஹால் நிலையற்றது என்பதால், பாலிவினைல் அசிட்டேட்டைத் தயாரித்துப் பின் நீராற்பகுத்தே இதனைப் பெறுகின்றனர். இதன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி உள்ளது. நீராற்பகுப்பு 98 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வகை வெந்நீரில் மட்டுமே கரையும். இவ்விரண்டும் நெசவாலைகளுக்குப் புதியவை அல்ல. பாவு நூலுக்குக் கஞ்சியிட இரண்டுமே பயன்படுகின்றன.

கலவை உருவாதல்

நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் கலக்கும்போது என்ட்ரோபி உயர்வு மிகச் சிறியது. ஆகவே இரு பலபடிகள் தனித்தனியே பிரிந்து நிற்பதே பொதுவியல்பு. அவை பிரியாதிருக்கச் சங்கிலிகளுக்கிடையே ஈர்ப்பு வேண்டும். இங்கு இருபுறத்து ஹைட்ராக்சில் தொகுதிகளுக்கிடையிலான ஹைட்ரஜன் பிணைப்பு அதனை வழங்குகிறது. அகச்சிவப்பு நிறமாலையில் 3200 முதல் 3500 செ.மீ.⁻¹ வரையிலான பட்டை குறைந்த அலைஎண் நோக்கி நகர்வதை இதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஒவ்வொரு பலபடியும் தனக்குள்ளும் ஹைட்ரஜன் பிணைப்பு கொள்ளும் என்பதால் இச்சான்று மட்டும் போதாது. ஒரே கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை காணப்பட்டால் கலப்புத்தன்மை ஓரளவு உறுதிப்படும்.

படலம் வார்த்தல் எளிது. இரு கரைசல்களையும் கலந்து, கிளிசராலை நெகிழ்வூட்டியாகச் சேர்த்து, காற்றுக்குமிழ் நீக்கி, தட்டில் ஊற்றி மிதமான வெப்பத்தில் உலர்த்த வேண்டும்.

நீரால் நேரும் மாற்றங்கள்

கலவையைச் சேர்த்துப் பிடித்திருக்கும் அதே ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரையும் ஈர்க்கின்றன. உலர்நிலையில் பாலிவினைல் ஆல்கஹாலின் படிகப் பகுதிகளும் பிணைப்புகளும் சங்கிலிகளை நெருக்கி வைப்பதால் ஆக்சிஜன் புகுவது மிக அரிது. ஈரப்பதம் ஏறும்போது நீர் மூலக்கூறுகள் இடையில் நுழைந்து அப்பிணைப்புகளைத் தாமே பற்றிக்கொள்கின்றன. சங்கிலிகள் விலகுகின்றன, இழுவலிமை குறைகிறது, ஆக்சிஜன் ஊடுருவல் பன்மடங்காகிறது.

நெகிழிப் படலங்களைச் சோதிக்கும் வழக்கமான தரச்சூழல் 23 பாகை செல்சியசு, 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதம் ஆகும். சென்னை போன்ற கடலோர நகரங்களிலோ பெரும்பாலான காலைப்பொழுதுகளில் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டுகிறது. தரச்சூழலில் சிறந்து விளங்கிய படலம் இங்குள்ள கடையின் அலமாரியில் வேறொரு பொருளாகவே நடந்துகொள்ளும். 75 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதத்திலும் அளவீடுகளைத் தருதல் நம் ஆய்வுகளில் இன்றியமையாதது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

குறுக்குப் பிணைப்பால் நீர்கொள்ளலைக் குறைக்கலாம். குளூட்டரால்டிகைடு விரைந்து செயற்படினும், படலத்தில் எஞ்சினால் நஞ்சாகும். சிட்ரிக் அமிலம் உணவுக்கு ஏற்றது. ஆனால் எசுத்தர் பிணைப்பு உருவாக 100 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும். பிணைப்பு மிகுந்தால் படலம் மீண்டும் நொறுங்கும்.

நீர் எப்போதும் தீங்கன்று. கிராம்பு எண்ணெயின் யூஜினால் போன்ற நுண்ணுயிரெதிர்ப் பொருளைச் சேர்த்த படலத்தில், படலம் நீரேற்று உப்பும்போதே அப்பொருள் விரைந்து வெளிப்படுகிறது. உலர்ந்த படலத்தில் அது பெரும்பாலும் சிறைப்பட்டிருக்கும். ஆகவே எண்ணெய்ப் பலகாரம், நிலக்கடலை, மசாலைப்பொடி ஆகியவற்றுக்கு ஆக்சிஜன் தடுப்பே போதுமானது. வெளியீரத்தைத் தடுக்க மட்டும் இன்னோர் உறை வேண்டும். நறுக்கிய பழத்தைப் பொதிய நுண்ணுயிரெதிர்ப் பொருளும் குறுக்குப் பிணைப்பும் தேவை. முழுப்பழம் சுவாசிப்பது, ஆக்சிஜனை முற்றிலும் அடைத்தால் நொதித்து மணம் கெடும்.

மக்குதல் குறித்து

சைலோகுளுக்கனை மண்ணின் நுண்ணுயிர்கள் எளிதில் சிதைக்கும். பாலிவினைல் ஆல்கஹாலைச் சிதைக்கச் சூடோமோனாசு போன்ற சில நுண்ணுயிர்களின் குறிப்பிட்ட நொதிகள் வேண்டும். பாவுக்கஞ்சி கழுவிய நீர் சேரும் நெசவாலைக் கழிவுச்சேற்றில் அத்தகைய நுண்ணுயிர்கள் பழகி வாழ்கின்றன. சாதாரண மண்ணில் அவை அரிது. எனவே கலவைப் படலம் புதைக்கப்பட்டதும் இழக்கும் எடையில் பெரும்பகுதி பல்சர்க்கரையினுடையதாகவும், கரைந்து வெளியேறிய பாலிவினைல் ஆல்கஹாலினுடையதாகவும் இருக்கக்கூடும். கரைந்து மறைதல் சிதைதல் ஆகாது. வெளியாகும் கார்பன் டைஆக்சைடை அளந்தாலன்றி இவ்வேறுபாடு புலப்படாது. அவ்வளவீடு இன்றிப் பொதியில் 'மக்கும்' என அச்சிடுதல் பொருந்தாது.