தாலியும் பதிவும்: பிரிந்த பெற்றோரின் குழந்தை யாரிடம்?

பிரிஞ்சாங்கைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் ‘கல்யாணம்’ என்ற சொல்லின் பொருளில் எவருக்கும் ஐயமில்லை. கோவிலில் உறவினர் முன் தாலி ஏறிவிட்டால் இருவரும் கணவன் மனைவியர். மலேசியச் சட்டம் அச்சொல்லுக்குக் கொள்ளும் பொருள் இதனினும் குறுகியது.

முஸ்லிம் அல்லாதார்க்குரிய 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் வழக்காற்றின்படி நிகழ்ந்த மணங்களை அது ஏற்றுக்கொண்டது. அதற்குப்பின் நிகழும் மணம், பதிவாளர் முன்போ உதவிப் பதிவாளர் முன்போ நடந்தேற வேண்டும். கோவில் அர்ச்சகரே உதவிப் பதிவாளராக அமர்த்தப்படவும் சட்டத்தில் இடமுண்டு. இம்முறையில் அல்லாது தாலி மட்டும் கட்டியோர், பொதுவாகச் சட்டத்தின் பார்வையில் மணமாகாதவரே. பதிவில்லா மணத்தை ஏற்ற தீர்ப்பும் உண்டு. ஆயினும் அதனை நம்பி எவரும் குடும்பம் தொடங்கலாகாது.

இவ்வேறுபாடு, சேர்ந்து வாழும்வரை புலப்படுவதில்லை. பிரியும்போதே அது சுடுகிறது. தாய் குழந்தையுடன் ஈப்போவுக்குச் சென்றுவிட்டாள் என்று கொள்வோம். பதிவுத் திருமணம் செய்த தந்தைக்குத் தாயோடு சமமான உரிமையை 1961ஆம் ஆண்டுச் சிறார் காப்பாளர் சட்டம், 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக வழங்குகிறது. மணமாகாத் தந்தைக்கு அச்சமவுரிமை இல்லை. குழந்தை தாய்க்கே உரியது என்பதே நீதிமன்றங்கள் பெரிதும் கொண்ட நிலை. குழந்தையின் நலனே முதன்மை என்னும் நெறியை முன்வைத்து அவன் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். ஆனால் உரிமையுடையவனாக அன்று, வேண்டுவோனாகவே அங்கு நிற்பான்.

உரிமை இல்லையெனில் கடமையும் இல்லை என எண்ணுவோர் உளர். அது பிழை. 1950ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் தந்தை மாதந்தோறும் பொருள் வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிடலாம். இக்குழப்பத்தில் நம் சொல்லாட்சிக்கும் பங்குண்டு. மலாய்மொழி குழந்தையைத் தன்பால் வைத்திருத்தலை ‘பென்ஜாகாஆன்’ என்றும், வாழ்க்கைச் செலவுக்கான பொருளை ‘நாப்கா’ என்றும் பிரித்துரைக்கிறது. நாமோ இரண்டையும் ‘பராமரிப்பு’ என்கிறோம். முன்னதை ‘வளர்ப்புரிமை’ எனவும் பின்னதைப் ‘பராமரிப்புத் தொகை’ எனவும் வழங்கினால், மாணவர்க்கு ஒன்றில்லாமலும் மற்றொன்று இருக்கக்கூடும் என்பது விளங்கும்.

பிறப்புச் சான்றிதழும் மயக்கம் தருவதே. தாயும் தந்தையும் சேர்ந்து வேண்டிக் கையொப்பமிட்டால், மணமாகாத் தந்தையின் பெயரையும் அதில் பதியலாம். ‘அனாக் லெலாக்கி’ என்பதன்பின் தன் பெயரைக் காணும் தந்தை, உரிமையும் வந்துவிட்டதாக மகிழ்கிறான். அப்பெயர் அவனைத் தந்தையென அறிவிக்கிறதேயன்றி வளர்ப்புரிமையைத் தருவதில்லை. மறுதலையாக, தாய் அயல்நாட்டவராயின், தந்தை மலேசியராக இருந்தும் அவர் வழியே குழந்தைக்குக் குடியுரிமை கிடைப்பதில்லை. மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தாயின் நிலையையே அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை கணக்கில் கொள்கிறது.

பதிவு மேலைநாட்டார் புகுத்திய புதுவழக்கு என்று முதியோர் சிலர் கூறுவர். காதலரிடையே பொய்யும் தவறும் தலைகாட்டிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியக் கற்பியல் உரைப்பதை அவர்க்கு நினைவூட்டலாம். சடங்கும் முதலில் சான்றாகவே தோன்றியது.

தாலி கட்டிப் பல்லாண்டு கழிந்த பின்னரும் இருவரும் முறைப்படி பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். அவ்வாறு செய்தால், முன்பே பிறந்த குழந்தையும் 1961ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் முறைப்பிறப்புடையதாகும். அதற்கு இருவரின் இசைவும் வேண்டும். பிரிந்தபின் அதனைப் பெறுதல் அரிது.