ஆங்கிலப் பதங்களும் நம் மாணவர்களும்

ஆயிரம் கடினப் பதங்களைப் பொருளுடன் நெட்டுருப் போட்டுவிட்டால் ஆங்கிலம் கைவந்துவிடும் என்னும் நம்பிக்கை நம் மாணவரிடையே இன்னும் நீங்கவில்லை. இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று.

இவ்விஷயத்தைப் பேசக் கும்பகோணமே தகுந்த இடம். 1854-இல் தோன்றி, 'தென்னாட்டுக் கேம்ப்ரிட்ஜ்' எனப் பெயர் பெற்ற காவிரிக்கரைக் கலாசாலையில் 1904-இல் சேர்ந்த ஸ்ரீநிவாஸ ராமாநுஜன், கணிதத்தில் இணையற்றவராயிருந்தும் ஆங்கிலப் பரீக்ஷையில் தவறி, உபகாரச் சம்பளத்தை இழந்தார். பத வறுமையே காரணமென்று நாம் சொல்லவில்லை. கணிதத்தில் மூழ்கியவர் மற்றப் பாடங்களைக் கைவிட்டார். ஆயினும் அந்நிய மொழி அவருக்கு வாயிற்காப்போனாய் நின்று வழி மறித்தது மெய். அதே கலாசாலையில் அவருக்கு முன் படித்த வலங்கைமான் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியாரின் ஆங்கிலத்தையோ ஆங்கிலேயரே வியந்தனர்.

பட்டியலில் கிடக்கும் பதம் சுற்றமற்ற அநாதை. 'நோட்டோரியஸ்' என்றால் 'பிரசித்தமான' என்று மட்டும் மனனம் செய்த பையன், தன் ஆசிரியரைப் புகழ்வதாக எண்ணி அப்பதத்தைச் சூட்டினால், அவரைக் கெட்ட பெயரெடுத்தவராக்கிவிடுவான்! சொல்லின் குணம் அது பழகும் வாக்கியத்தில்தான் தெரியும்.

பதங்களைக் குடும்பமாகவும் அறியலாம். லத்தீனில் 'பெனே' என்றால் நன்கு. 'மாலே' என்றால் தீங்காக. நலம் நாடுபவன் 'பெனிவலண்ட்', கேடு நினைப்பவன் 'மலிவலண்ட்'. ஆசீர்வாதம் 'பெனிடிக்ஷன்', சாபம் 'மலிடிக்ஷன்'. சுகந்தம், துர்க்கந்தம் என்று வழங்கும் நம் பிள்ளைகளுக்கு இது புதிதா?

எல்லாவற்றிலும் சிறந்த வழி பழையது. எலிஸபெத் ராணிக்கு இளமையில் ஆசானாயிருந்த ரோஜர் ஆஸ்கம், 1570-இல் வெளிவந்த தம் நூலில் லத்தீன் கற்பிக்கக் கூறியது அது. நல்ல வசனத்தில் ஒரு பகுதியை மாணவன் தன் தாய்மொழியில் பெயர்க்க வேண்டும். சிறிது நேரம் கழித்து, மூலத்தைப் பாராமல் அதைத் திரும்ப முதல் மொழியில் ஆக்கி, மூலத்துடன் ஒப்பிட வேண்டும். நாம் ஆங்கிலத்துக்கும் இதைக் கையாளலாம். மூலாசிரியன் ஏன் அப்பதத்தை விட்டு இப்பதத்தை எடுத்தான் என்பது அப்போதுதான் உறைக்கும். உறைத்த பதம் மறவாது.

இதற்கு நல்ல தமிழும் வேண்டும். கும்பகோணம் கலாசாலையில் ஆங்கிலம் ஓங்கியிருந்த காலத்திலேயே, 1880 முதல், உ. வே. சாமிநாதையர் அங்கே தமிழ் போதித்தார் என்பதை ஆங்கில மோகம் கொண்ட பெற்றோர் நினைக்கவேண்டும்.

பட்டியலை ஒப்பிப்பதற்குச் செலவாகும் நேரத்தில், வாரத்துக்கு ஒரு மணியையேனும் இவ்விரட்டை மொழிபெயர்ப்புக்குத் தரும்படி தஞ்சை ஜில்லா ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். திருத்த வேண்டிய நோட்டுப் புத்தகங்கள் பெருகுமே என்று அவர்கள் முறையிடலாம். அது நியாயமான ஆட்சேபமே. மாணவர்கள் ஒருவர் நோட்டை மற்றொருவர் மூலத்துடன் ஒப்பிட்டுக் குறித்து வந்தால், அப்பாரத்தில் பாதி குறையும்.