முதல் ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன்

"கையில் இரண்டு ஆஃபர் இருக்கிறது. பின்னால் மேனேஜ்மென்ட் கன்சல்டிங் பக்கம் போக வேண்டும். எதை எடுக்கலாம்?" வளாகத் தேர்வு முடிந்த கையோடு இறுதியாண்டு மாணவர்கள் கேட்கும் கேள்வி இது. சம்பளத்தையும் நிறுவனத்தின் பெயரையும் அவர்கள் ஏற்கெனவே அலசியிருப்பார்கள். ஆஃபர் லெட்டரின் பின்பக்கங்களை மட்டும் படித்திருக்க மாட்டார்கள். இந்தத் துறையைக் குறிவைப்பவர் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பக்கங்களைத்தான். வேலையை விட்டு வெளியே வருவதற்கான நிபந்தனைகள் அங்கேதான் இருக்கின்றன.

மெக்கின்சி, பி.சி.ஜி., பெயின் போன்ற கன்சல்டிங் நிறுவனங்கள் இளநிலைப் பட்டதாரிகளை ஐ.ஐ.டி. போன்ற ஒருசில கல்லூரிகளில் இருந்தே பெரும்பாலும் எடுக்கின்றன. மற்றவர்களுக்கு எம்.பி.ஏ.தான் பெரிய வாசல். ஐ.எஸ்.பி. மேலாண்மைக் கல்லூரியின் முதன்மையான ஓராண்டுப் படிப்புக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். ஐ.ஐ.எம். அகமதாபாத்தின் ஓராண்டுப் படிப்புக்கு நான்கு ஆண்டு. ஆக, முதல் வேலையில் இருக்கப்போவது இரண்டிலிருந்து நான்கு ஆண்டுகள். அதற்குப் பின் சுத்தமான ஆவணங்களோடு வெளியே வர முடிய வேண்டும்.

நோட்டீஸ் பீரியடை எடுத்துக்கொள்வோம். ஐ.ஐ.எம்.களுக்கான கேட் நுழைவுத் தேர்வு நவம்பர் கடைசியில் நடக்கிறது. நேர்முகத் தேர்வுகளெல்லாம் முடிந்து ஐ.ஐ.எம்.களின் இறுதிப் பட்டியல் வர ஏப்ரல், மே ஆகிவிடும். ஜூன் வாக்கில் வகுப்பு. ஆஃபர் லெட்டரில் 90 நாள் நோட்டீஸ் என்று இருந்தால், மே முதல் வாரம் ராஜினாமா கொடுப்பவர் ஆகஸ்டில்தான் வெளியே வர முடியும். மீதி நாட்களுக்குச் சம்பளத்தைக் கட்டிவிட்டு விலகலாம் என்று ஒரு வரி இருக்கும். அதன் கடைசியில் "நிறுவனத்தின் விருப்பத்துக்கு உட்பட்டு" என்று சேர்த்திருக்கிறார்களா பாருங்கள். சேர்த்திருந்தால், உங்கள் கையில் பணம் இருந்தாலும் அவர்கள் மறுக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் ரிலீவிங் லெட்டர் கிடைக்காது. அந்தக் கடிதத்தைப் பொதுவாக மேலாண்மைக் கல்லூரியும் கேட்கும், பிறகு வேலை தரும் நிறுவனமும் கேட்கும். 30 நாள் நோட்டீஸ் உள்ள ஆஃபரில் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் குறைவாக வந்தாலும், கன்சல்டிங்கைக் குறிவைப்பவருக்கு அதுவே மேல் என்பது என் கருத்து.

அடுத்தது பாண்ட், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம். "பாண்டெல்லாம் செல்லாது, தைரியமாகப் போடு" என்று சீனியர்கள் சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டு பணிபுரிய வேண்டும், இல்லையென்றால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆள் சேர்க்கப் பொதுத்துறை வங்கிக்கு ஆகும் செலவையும் சிரமத்தையும் நீதிமன்றம் அதில் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதே நேரம், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 74ஆவது பிரிவு உங்களுக்கு ஒரு பாதுகாப்பு. பாண்டில் எவ்வளவு பெரிய தொகையை எழுதியிருந்தாலும், அதுதான் உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீட்டை மட்டுமே நீதிமன்றம் அனுமதிக்கும். எனவே பணம் கேட்டுக் கடிதம் வந்தால் பயந்து உடனே கட்டிவிடாதீர்கள். என்ன பயிற்சி தந்தார்கள், அதற்கு எவ்வளவு செலவானது என்று எழுத்தில் விவரம் கேளுங்கள். கட்டாயப்படுத்தி வேலையில் உட்காரவைக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான 2006ஆம் ஆண்டு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்த நிலைப்பாட்டையே எடுத்தது. ஆனால் நிறுவனத்தின் ரகசியத் தகவல்களைக் காக்க வேண்டிய கடமை தொடரும். வாடிக்கையாளர் கோப்புகளை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிவைக்காதீர்கள்.

அசல் சான்றிதழ்களைக் கேட்டால் காட்டுங்கள், நகல் கொடுங்கள். ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் அதே அளவுக்கு ஆபத்து.

ஆஃபர் கிடைத்துவிட்டால் வேலை கிடைத்துவிட்டது என்றும் ஆகிவிடாது. 2022இல் தேர்வான பலரை இன்ஃபோசிஸ் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் காக்கவைத்தது. சேரும் தேதி இல்லாத கடிதத்தை நம்பி இன்னொரு ஆஃபரை மறுத்துவிடாதீர்கள். தேதியை மெயிலில் கேட்டு வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, வேலையில் சேர்பவருக்கு நியமனக் கடிதம் தர வேண்டும். ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். ஒரு ஆஃபரை ஏற்றுக்கொண்ட பிறகு மனம் மாறினால், முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். உங்கள் கல்லூரி பிளேஸ்மென்ட் செல்லின் விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதவிப் பெயரில் "கன்சல்டன்ட்" என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மென்பொருள் பராமரிப்பு வேலைக்கும் அந்தப் பெயர் வைக்கிறார்கள். முதல் ஆறு மாதம் தினமும் என்ன செய்யச் சொல்வார்கள், வாடிக்கையாளர் கூட்டங்களில் உட்கார விடுவார்களா என்று அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் கேளுங்கள். ஒரு ஆலையின் செலவுக் கணக்கையோ, ஒரு வங்கிக் கிளையின் வாராக்கடனையோ நேரில் பார்த்து, அதில் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று சொல்ல முடிகிற வேலைதான் நாளை எம்.பி.ஏ. நேர்முகத்தில் பேசும்.

பெரிய கன்சல்டிங் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பதிவுக் கட்டணமோ பயிற்சிக் கட்டணமோ கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். பாண்ட் தொடர்பாக வக்கீல் நோட்டீஸ் வந்தால், உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் ஆலோசனை கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.