ஃபோல்டரில் தெரியாத 2,048 பைட்டுகள்

விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் குறித்திருந்த கெடு 2014 ஏப்ரல் 8. நாள் நெருங்க நெருங்க வாசகர் கடிதங்கள் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன: “எக்ஸ்பி சிடியில் இருந்த எல்லாவற்றையும் காப்பி செய்து வேறொரு சிடியில் எழுதினேன். ஒரு கோப்புகூட விடுபடவில்லை. ஆனால் அதைப் போட்டால் கணினி சிடியைச் சட்டை செய்யாமல் ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விடுகிறது. ஏன்?”

பதிலுக்கு முன் அந்தக் கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஆதரவு நிறைவடைகிறது’ என்றது நிறுவனம். எக்ஸ்பியில் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கும் திருத்தம் நமக்கு வராது என்பதே அதன் பொருள். தனி ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டிய பெரிய அமைப்புகளுக்குத் திருத்தம் அதன் பிறகும் போனது. ஆகவே திருத்தம் செய்ய முடியாத நிலை வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏப்ரல் 8-க்குப் பிறகும் எக்ஸ்பியை நிறுவலாம், ஆக்டிவேட் செய்யலாம், ஏற்கெனவே வந்த திருத்தங்களை இறக்கலாம் என்றும் அப்போது சொன்னார்கள். எதுவரை என்பதற்கு உறுதியான தேதி சொல்லவில்லை. தேதி இல்லாத வாக்குறுதியை நம்பித் தொழில் நடத்த முடியாது. பழைய கணக்கு மென்பொருளையோ, எக்ஸ்பிக்கு மட்டுமே டிரைவர் உள்ள ஓர் இயந்திரத்தையோ நம்பியிருப்பவர்கள் சிடியை இமேஜாக எடுத்து வைத்துக்கொள்வது நியாயமான முன்னெச்சரிக்கை.

காப்பி செய்த சிடி ஏன் பூட் ஆவதில்லை என்ற கேள்விக்கு வருவோம். கணினி உயிர்பெறும் அந்த முதல் நொடிகளில் பயாஸுக்கு ஃபோல்டர், கோப்பு எதுவும் தெரியாது. இத்தனாவது செக்டரைப் படி என்றால் படிக்கும், அவ்வளவுதான். டேட்டா சிடியில் ஒரு செக்டருக்கு 2,048 பைட்டுகள். 1988-இல் தரமாக வெளியான ஐஎஸ்ஓ 9660 ஏற்பாட்டில் முதல் 16 செக்டர்கள் காலியாக ஒதுக்கப்பட்டவை. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 16-ஆம் எண் செக்டரில் சிடியின் பெயர், மொத்த அளவு போன்ற விவரங்கள் இருக்கும். பிசி ஒன்றை சிடியிலிருந்து பூட் செய்வது எப்படி என்பதற்கு அதில் வழி வகுக்கப்படவில்லை. அந்த நாள்களில் நிறுவல் சிடியோடு பூட் ஃபிளாப்பி ஒன்றும் தேவைப்பட்டது அதனால்தான்.

1995 ஜனவரியில் ஃபீனிக்ஸ் நிறுவனமும் ஐபிஎம்மும் சேர்ந்து ‘எல் டொரிட்டோ’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. பழைய தரத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அவர்கள் இதைச் சாதித்ததை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்புதான். 17-ஆம் எண் செக்டரில் ஒரு பூட் பதிவை வைத்தார்கள். அதில் குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் நான்கு பைட்டுகள் வேறொரு செக்டரின் எண்ணைச் சொல்லும். அந்தச் செக்டரில் பூட் பட்டியல். பட்டியலைத் திறந்தால், நிஜமாக ஓட வேண்டிய சிறு நிரல் எந்தச் செக்டரில் இருக்கிறது, எவ்வளவு படிக்க வேண்டும், எந்தப் பாவனையில் ஓட்ட வேண்டும் என்ற விவரம்.

இந்தப் பாவனைதான் சாமர்த்தியம். சிடியிலுள்ள 1.44 எம்பி பகுதி ஒன்றை ஃபிளாப்பி என்று பயாஸ் கணினியை நம்ப வைக்கலாம். ஃபிளாப்பியைத் தவிர வேறெதுவும் அறியாத டாஸ், தான் சிடியில் ஓடுகிறோம் என்று தெரியாமலே ‘ஏ’ டிரைவிலிருந்து எழுந்துவிடும். எக்ஸ்பி சிடிக்கு அந்த வேடம் தேவையில்லை. அது பாவனையற்ற முறையில் பூட் ஆகிறது: 512 பைட்டாக நான்கு துண்டு, மொத்தம் 2,048 பைட்டுகள், அதாவது சரியாக ஒரு சிடி செக்டர். இந்தத் துளி நிரல்தான் ஐ386 ஃபோல்டரைத் தேடிப்போய் நிறுவல் வேலையைத் தொடங்கிவைக்கிறது.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பி சிடியில் இந்த 2,048 பைட்டுகள் எந்தக் கோப்பாகவும் தெரியாது. எக்ஸ்புளோரரில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து இழுத்தாலும் அவை வராது. லினக்ஸ் சிடிகள் பலவற்றில் பூட் பட்டியலும் நிரலும் கோப்புகளாகவே கண்ணுக்குத் தெரியும். சென்னை சி-டாக் உருவாக்கும் பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியன் சிடியும் அப்படித்தான். ஆனாலும் வெறும் காப்பி அங்கேயும் பலிக்காது. அவற்றுக்கு வழிகாட்டும் 17-ஆம் எண் செக்டர் கோப்பு அல்லவே.

எனவே கோப்புகளை விட்டுவிட்டு, சிடியை முதல் செக்டரிலிருந்து வரிசையாக அப்படியே படித்து ஒரே கோப்பாகச் சேமிக்க வேண்டும். அதுதான் ஐஎஸ்ஓ இமேஜ். விண்டோஸில் இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளில் சிடியிலிருந்து இமேஜ் உருவாக்கும் தெரிவைச் சொடுக்கினால் போதும். லினக்ஸில் டிடி கட்டளை. விண்டோஸ் 7-இல் இமேஜை சிடியில் எழுதும் வசதி உண்டு, சிடியிலிருந்து இமேஜ் எடுக்கும் வசதி இல்லை. அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இமேஜை இரண்டு முறை, முடிந்தால் வேறு வேறு டிரைவில் எடுத்து, இரண்டின் எம்டி5 மதிப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அதை விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர்க் கணினி மென்பொருளில் மாட்டி, நிறுவல் திரை வருகிறதா என்றும் சோதியுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இது சட்டப்படி சரியா? காசு கொடுத்து வாங்கிய மென்பொருளுக்கு, சேதத்திலிருந்து காத்துக்கொள்ள நகல் எடுப்பதை 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது; விற்கவோ நண்பருக்குக் கொடுக்கவோ அனுமதிக்கவில்லை.

நண்பரின் சிடியை இமேஜ் எடுத்து என் உரிமக் கீயைப் போடலாமா? பெரும்பாலும் ஏற்காது; கணினியோடு வந்த சிடி, கடையில் வாங்கிய சிடி, நிறுவன உரிமச் சிடி மூன்றும் வேறு வேறு வகைக் கீயைக் கேட்கும்.

இமேஜில் இதுவரை வந்த திருத்தங்களும் இருக்குமா? இருக்காது, சிடி அச்சான நாளில் இருந்தது மட்டுமே. 2008-இல் வந்த சர்வீஸ் பேக் 3-ஐத் தனியே இறக்கி இமேஜோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பென் டிரைவில் அப்படியே எழுதினால் பூட் ஆகுமா? ஆகாது, அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

புதிய கணினியில் நிறுவும்போது நீலத்திரை வருகிறதே? பயாஸில் ஹார்ட் டிஸ்க் முறையை ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇ-க்கு மாற்றிப் பாருங்கள்.

கீறல் விழுந்த சிடி? அடிப்பக்கக் கீறலை பாலிஷ் செய்து பார்க்கலாம். தகவல் தாங்கும் படலம் லேபிளுக்கு நேர் கீழே இருப்பதால் மேல்பக்கக் கீறல்தான் ஆபத்து.

இமேஜ் கையிலிருந்தால் எக்ஸ்பியிலேயே இணையத்தில் உலவலாமா? கூடாது. வங்கிக் கணக்கை அதில் திறக்கவே கூடாது. அந்தக் கணினியின் இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு வேலையை மட்டும் பாருங்கள்.

கணினியோடு வந்த எக்ஸ்பி என்றால், கீ எழுதிய ஸ்டிக்கர் பெரும்பாலும் கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும். எழுத்து அழிந்துவிட்டால் இமேஜ் இருந்தும் பயனில்லை. இன்றைக்கே அதைப் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள்.