கணினி மொழியின் உசாத்துணை நூலைப் பேணுவது யார்?

தெஹிவளை, வெள்ளவத்தைப் பகுதிகளில் காலி வீதியை அண்டிய வகுப்புகளில் தமிழ்மொழி மூலம் கணினி பயிலும் தமிழ், முஸ்லிம் மாணவர் தொகை சிறிதன்று. க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் என்னும் கணினி மொழி இடம்பெறுகின்றது. அம்மொழியின் இரண்டாம் வரிசைக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டுவிட்டது. மூன்றாம் வரிசையில், திரையில் ஒரு சொல்லைத் தோற்றுவிக்கும் கட்டளைக்குக்கூட அடைப்புக்குறி இடுதல் கட்டாயமாகும். பழைய குறிப்பொன்றின் நிழற்படப் பிரதியை நம்பித் தட்டச்சுச் செய்யும் மாணவனுக்குக் கணினி பிழை காட்டுகின்றது. அவன் தன்னையே நொந்துகொள்கின்றான். பிழையோ தாளில் இருக்கின்றது.

பாடநூல் வேறு, உசாத்துணை நூல் வேறு. பாடநூலை முதலிலிருந்து வாசிக்கின்றோம். உசாத்துணை நூலை ஐயம் எழும்போது மட்டுமே புரட்டுகின்றோம். ஒரு கட்டளைக்கு எத்தனை உள்ளீடுகள், அது எதைத் திருப்பித் தரும், எந்நிலையில் பிழையாகும் என்பவற்றை அது ஐயத்துக்கிடமின்றிக் கூறவேண்டும். மொழி மாறும்போது அதுவும் மாறவேண்டும். இப்பணியின் அருமையை உணர லிஸ்ப் என்னும் கணினி மொழியின் வரலாற்றைப் பார்ப்பது பயன்தரும்.

1958 இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஜோன் மெக்கார்த்தி வகுத்த மொழி அது. இன்றும் வழக்கிலுள்ள கணினி மொழிகளுள் போர்ட்ரானுக்கு அடுத்து மூத்தது அதுவே எனலாம். கட்டட வரைபடம் வரைவோர் நாள்தோறும் கையாளும் ஓட்டோகாட் மென்பொருளினுள் அதன் கிளைமொழியொன்று 1986 முதல் இயங்கி வருகின்றது. 1962 இல் வெளியான லிஸ்ப் 1.5 கைந்நூல் நூறு பக்கங்களைச் சற்றே தாண்டியது. பின்னர் ஆய்வுகூடத்துக்கொரு கிளைமொழி தோன்றியது. ஓரிடத்தில் எழுதிய செய்நிரல் இன்னோரிடத்தில் ஓடவில்லை. அவற்றை ஒன்றுபடுத்தும் முயற்சியாக கை ஸ்டீல் தொகுத்த நூல் 1984 இல் வெளிவந்தது. 1990 இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. 1994 இல் அமெரிக்கத் தேசிய தரநிர்ணய நிறுவகம் 'கொமன் லிஸ்ப்' மொழிக்குத் தரநிர்ணயம் வழங்கியது. அதிலுள்ள பெயர்கள் மட்டும் 978.

அச்சிட்ட தரநிர்ணய ஆவணத்தை வாங்கிப் படிப்போர் எங்கும் சிலரே. எனவே அத்தரநிர்ணயத்தின் தொகுப்பாசிரியரான கென்ட் பிற்மன், ஹார்லெக்குவின் என்னும் நிறுவனத்தின் ஆதரவில், 1996 இல் அதனை 'ஹைப்பர்ஸ்பெக்' என்ற பெயரில் மின்னூலாக்கினார். சுமார் 2,300 கோப்புகள். அவற்றிடையே ஏறத்தாழ 105,000 இணைப்புகள். ஒரு சொல்லைத் தொட்டால் அதன் வரைவிலக்கணம் திறக்கும். அக்காலத்தில் வேறெந்த மொழிக்கும் இத்தகைய வசதி அரிதாகவே இருந்தது.

ஆனால் அதனுடன் ஒரு நிபந்தனையும் வந்தது. முழுமையாகப் பிரதி செய்யலாம், மாற்றக்கூடாது. ஓர் உதாரணத்தைச் சேர்க்கவோ எழுத்துப்பிழையொன்றைத் திருத்தவோ வாசகருக்கு அனுமதியில்லை. வலையமைப்புத் தொடர்பு, ஒரே வேளையில் பல பணிகளை இயக்கல் போன்றவற்றுக்கு 1994 இன் தரநிர்ணயத்தில் இடமில்லை. அவற்றை அறிய விரும்புவோர் ஒவ்வொரு மென்பொருளின் தனிக் கைந்நூலையும் தேடியலைய வேண்டியுள்ளது. தரநிர்ணயத்துக்கு முந்திய வரைவின் மூலக் கோப்புகள் பொதுவிற் கிடைப்பதால், அவற்றிலிருந்து திருத்தத்தக்க புதிய உசாத்துணையை உருவாக்க ஆர்வலர் முயன்று வருகின்றனர். செய்த வேலையையே மீளச் செய்வது போன்றதுதான் இது.

இத்தகைய சிக்கல் நமது மரபுகளுக்குப் புதியதன்று. நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் எழுதிய உரையைச் சிவஞான முனிவர் திருத்தினார். பின்னாளில் ஆறுமுக நாவலர் அந்நூலுக்குக் காண்டிகையுரை கண்டார். இமாம் நவவியின் மின்ஹாஜுக்கு இப்னு ஹஜர் அல் ஹைதமி எழுதிய துஹ்பா என்னும் விளக்கத்தை ஷாபிஈ மத்ஹபின் ஆலிம்கள் நன்கறிவர். மத்ன் எனப்படும் மூலம் அப்படியே இருக்க, ஷர்ஹ் எனப்படும் விளக்கமும் அதன்மேல் ஹாஷியா எனப்படும் குறிப்புகளும் வளர்ந்தன. ஆகவே லிஸ்பின் தரநிர்ணயம் மாறாதிருப்பதையே குறையெனக் கொள்ளவேண்டியதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் அதற்கமைய எழுதிய செய்நிரல்கள் பெரும்பாலும் இன்றும் இயங்குவது அம்மாறாத்தன்மையினாலேயே. மூலத்தின் அருகில், அதே பக்கத்தில், உரையை எழுத முடியாமற் போனதே இடர்.

லிஸ்ப் உலகிலேயே மாற்று வழியும் உண்டு. ஈமாக்ஸ் என்னும் மென்பொருளுக்குரிய லிஸ்ப் உசாத்துணைக் கைந்நூல், திருத்தவும் பகிரவும் இடமளிக்கும் உரிமத்தில் வெளியிடப்படுகின்றது. அதன் மூலக்கோப்புகள் செய்நிரலுடன் ஒரே களஞ்சியத்திற் பேணப்படுகின்றன. புதிய மாற்றங்களின் பட்டியலில், கைந்நூல் திருத்தப்பட்டுவிட்ட மாற்றத்துக்கு மேலே மூன்று கூட்டற்குறிகளும், திருத்தம் தேவைப்படாததற்கு மூன்று கழித்தற்குறிகளும் இடுகின்றனர். குறியேதும் இல்லையெனின் வேலை நிலுவையில் உள்ளதென்று பொருள். நமது அலுவலகக் கோவைகளுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும் என்பது வேறு விடயம்.

கொழும்பிலும் இப்பணி நடைபெறுகின்றது என்பது பலர் அறியாதது. 2005 இல் ஆரம்பிக்கப்பட்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் 2017 இல் 'பலரீனா' என்னும் கணினி மொழியை அறிமுகப்படுத்தியது. அதன் 1.0 பதிப்பு 2019 இல் வெளியானது. மொழியை வரையறுக்கும் விவரக்கூற்றை ஆண்டும் வெளியீட்டு இலக்கமும் இட்டு வெளியிடுகின்றனர். கற்பதற்கான உதாரணங்கள் வேறாக உள்ளன. மூலமும் உரையும் பிரிந்து நிற்க, இரண்டும் திருத்தம் பெறுகின்றன. இவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை.

தமிழில் நிலைமை யாது? அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளைப் பல தசாப்தங்களுக்கு முன்பே வெளியிட்டது. தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டிகளைத் தமிழிலும் தருகின்றது. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் பாடத்திட்டம் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற, கணினி மொழிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. நாம் செய்நிரல் என்பதைத் தமிழகத்தார் நிரல் என்கின்றனர்; இரு கரையிலும் எழுதப்பட்டவற்றைத் தேடும் மாணவன் இரு சொல்லையும் அறிந்திருக்கவேண்டும். அதைச் சொல்லும் பக்கம் அவனது வழிகாட்டியில் இருத்தல் நன்று.

பெருஞ்செலவு கோரும் திட்டமெதனையும் நாம் இங்கு முன்வைக்கவில்லை. பைதன் பகுதிக்கு மட்டுமேனும் ஒரு தமிழ் உசாத்துணைத் தொகுதி வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் இறுதியாகத் திருத்திய திகதியும், அது மொழியின் எவ்வரிசைக்குரியது என்பதும் பொறிக்கப்படவேண்டும். பிழை கண்ட ஆசிரியர் திருத்தத்தை அனுப்ப வழியும், அதை ஏற்கும் பொறுப்புடைய ஒருவரும் தேவை. பதிப்புரிமைக் குறிப்பில், திருத்தி மறுபடி வெளியிடலாம் என்ற ஒரு வரியையும் முதற்பதிப்பிலேயே சேர்த்தல் வேண்டும். பின்னர் சேர்ப்பதாயின் எழுதிய அனைவரின் சம்மதத்தையும் தேடவேண்டி வரும்.