விற்ற பொருளுக்கும் பூட்டா?

வியாபாரிக்குப் பூட்டு அவசியம். ஆனால், விற்ற பொருளுக்கும் பூட்டுப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வியாபாரியைக் கண்டிருக்கிறீர்களா? நான் கண்டிருக்கிறேன்.

2006இல் கரவனெல்லயிலுள்ள எமது கடைக்கு ஒரு கணக்கு மென்பொருள் வாங்கினேன். களவுப் பிரதியல்ல, பற்றுச்சீட்டோடு வாங்கியது. அதன் இறுவட்டு கணினிக்குள் இருந்தால்தான் கணக்குத் திறக்கும். தினமும் போட்டு எடுத்ததில், சில மாதங்களிலேயே சீடியில் கீறல் விழுந்துவிட்டது. அது நோன்பு காலம். பெருநாளுக்கு முன் பாக்கி அறவிட வேண்டிய கடன் கணக்கு முழுவதும் உள்ளே. விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "நானா, வேற ஒன்று வாங்கத்தான் வேணும்" என்றார். வாங்கினேன்.

இம்முறை மருமகன் ஒரு வழி சொன்னார். டீமன் டூல்ஸ் போன்ற மென்பொருள்கள் இறுவட்டிலுள்ளதை ஒரு கோப்பாகக் கணினியில் வைத்து, உண்மையான சீடியே உள்ளே இருப்பதாகக் கணினியை நம்பவைக்கும். மூலப் பிரதியை அலுமாரியில் பத்திரமாக வைக்கலாம். ஆனால் எமது மென்பொருள் அதைக் கண்டுபிடித்துத் திறக்க மறுத்தது. வேடிக்கை என்னவென்றால், அதே மென்பொருளின் களவுப் பிரதி சில நூறு ரூபாவுக்கு, சீடியே இல்லாமல் ஓடியது. பூட்டு யாருக்குப் போடப்பட்டது என்று யோசியுங்கள்.

பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியுள்ளன. சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைத்தட்டுகள், கேட்பவரின் கணினிக்குள் ஒரு மென்பொருளை இரகசியமாக ஒளித்து வைப்பதை 2005 ஒக்டோபர் 31இல் மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் அம்பலப்படுத்தினார். அந்த மறைவிடத்தை வைரஸ் எழுதுவோரும் பயன்படுத்தினர். நவம்பரில் தட்டுகள் திருப்பி அழைக்கப்பட்டன. 2007 ஜனவரியில், கணினி பழுதானவர்களுக்கு 150 டொலர் வரை நட்டஈடு தர அந்நிறுவனம் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவிடம் இணங்கியது.

2015இல் வந்த விண்டோஸ் 10, சேஃப்டிஸ்க் என்ற பழைய பூட்டை ஏற்கவில்லை. பாதுகாப்புக்கு ஆபத்து என்பதே காரணம். அந்தப் பூட்டுப் போட்ட விளையாட்டுக்களைக் காசு கொடுத்து வாங்கியவர்களின் தட்டுகள் வீணாகின.

நமது நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், மென்பொருளை முறையாக வாங்கியவர், மூலப் பிரதி பழுதானால் பாவிக்க ஒரு பிரதி எடுத்து வைக்க இடமளிக்கிறது. பூட்டை உடைக்கவென்றே செய்த சாதனங்களை விற்பனைக்குத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஆகவே உரிமை கையில் இருந்தாலும் வழி குறுகலானது. வாங்கிய பின் வழி தேடுவதைவிட, வாங்கும் முன் கேட்பதே புத்தி.

இன்று சீடி போய், இணையச் சாவியும் மாதக் கட்டணமும் வந்துவிட்டன. கேட்கவேண்டிய கேள்விகள் மாறவில்லை. பழுதானால் மாற்றுப் பிரதி இலவசமா? கணினியை மாற்றினால் மென்பொருள் ஓடுமா? உங்கள் நிறுவனம் மூடப்பட்டால் என் கணக்கை நான் வெளியே எடுக்கலாமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அதுவரை கடன் கொப்பியைத் தூக்கி எறியாதீர்கள். என்னுடையது இன்றும் லாச்சிக்குள் இருக்கிறது.