பூட்டுப் படம் காட்டாத ஓட்டை

வங்கிப் பக்கத்தையோ மின்னஞ்சலையோ திறக்கும்போது மேலே தெரியும் சிறிய பூட்டுப் படத்தை நம்பித்தான் கடவுச்சொல்லைக் கொடுக்கிறோம். அந்தப் பூட்டு இரண்டு உறுதிகளைத் தருகிறது. இடையில் இருப்பவருக்கு எங்கள் பேச்சு புரியாது என்பது ஒன்று. மறுமுனையில் இருப்பது நாம் தேடிப்போன ஆள்தான் என்பது மற்றையது. இரண்டாவது உடைந்தால் முதலாவதால் பயனில்லை. ஒட்டுக்கேட்பவனோடேயே இரகசியம் பேசிக்கொண்டிருப்போம்.

சோதனைச்சாவடிகளைக் கடந்து வாழ்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடையாள அட்டை உண்மையானதா என்று பார்ப்பது ஒரு வேலை. அட்டையிலுள்ள முகம் அதை நீட்டியவரின் முகம்தானா என்று பார்ப்பது வேறு வேலை. இணையத்தளம் நீட்டும் சான்றிதழ் பகிரங்கமானது, எவரும் பிரதி எடுக்கலாம். ஆகவே உரிமையாளரிடம் மட்டுமே உள்ள இரகசியத் திறவுகோலால் இடப்பட்ட கையொப்பத்தையும் கருவி சரிபார்க்க வேண்டும்.

அப்பிள் நிறுவனத்தின் மென்பொருளில் இந்த இரண்டாவது வேலைதான் விடுபட்டுப்போனது. காரணம், தவறுதலாக இரண்டு தடவை எழுதப்பட்ட ஒரே வரி. 'கோ டூ பெயில்' என்ற அந்தக் கட்டளை, மிகுதிச் சோதனைகளை விட்டுவிட்டு முடிவுக்குப் போகச் சொல்வது. முதல் வரி 'பிழை இருந்தால்' என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. அடுத்த வரிக்கு நிபந்தனையே இல்லை. அதனால் அந்த இடத்துக்கு வந்த நிரல் ஒவ்வொரு முறையும் கையொப்பச் சோதனையைத் தாண்டிக் குதித்தது. அதுவரை பிழை எதுவும் பதிவாகாததால் 'எல்லாம் சரி' என்றே விடை வந்தது. பூட்டுப் படமும் வழமைபோலத் தெரிந்தது.

2012இல் வெளியான ஐபோன் மென்பொருளில் இருந்த இந்த ஓட்டை 2014 பெப்ரவரி 21இல்தான் அடைக்கப்பட்டது. மக் கணனிகளுக்கான திருத்தம் மேலும் நான்கு நாட்கள் கழித்தே வந்தது. ஐபோன் திருத்தத்தை வைத்தே ஓட்டை எங்கே என்று பலரும் கண்டுபிடித்துவிட்டிருந்ததால், அந்த நான்கு நாட்களே மிக ஆபத்தானவை என்பேன். ஒரே வை-பையில் இருக்கும் ஒருவன் வங்கியாக நடிக்க அது போதும்.

அரசுகளின் கண்காணிப்புக்குள் வாழ்பவர்களுக்கு இது வெறும் பணப் பிரச்சினையல்ல. 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் உருவாக்கினார்கள். அங்கே அட்டையே போலி. அதை எதிர்கொண்ட சுமார் 3 இலட்சம் இணைய முகவரிகளில் மிகப் பெரும்பாலானவை ஈரானில் இருந்தன. நிறுவனம் அதே செப்டெம்பரில் வங்குரோத்தானது.

இத்தகைய ஓட்டையைப் பாவனையாளர் கண்ணால் காண முடியாது. கைத்தொலைபேசிக்கு வரும் பாதுகாப்புப் புதுப்பிப்பை உடனே ஏற்றுவதுதான் வழி. வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பழைய தொலைபேசி என்றால், அதற்கு இன்னும் புதுப்பிப்பு வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள்.